தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பத்து மணித் தேத்தண்ணி வருவதற்கு முன்பே செய்தி மலையேறிவிட்டது. கலா வந்திருக்கிறாள். ஹல்துமுல்லை டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியவள் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. நேரே கோழித்தீன் கடைக்குப் போய் ஒரு பை தவிடு வாங்கியிருக்கிறாள்.

சொன்னவள் பெரியாயி. காலையில் டவுனுக்கு மருந்தெடுக்கப் போய்விட்டு அரைநாள் கூலிக்கு அரைப்பேராவது போடட்டும் என்று மலைக்கு வந்தவள். கண்ணால் பார்த்ததில் காதால் கேட்டதையும் கொஞ்சம் கலந்து சொல்வது அவள் வழக்கம். ஆனால் தவிட்டை யாரும் இட்டுக்கட்டிச் சொல்ல மாட்டார்கள்.

ஜீவராணியின் விரல்கள் தேயிலைச் செடிமேல் ஒரு கணம் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக ஓடின. கொழுந்தோடு முற்றல் இலையும் சேர்ந்து கூடைக்குள் போனது. அவளுக்கு அது தெரியவில்லை.

பக்கத்து நிரையில் நின்ற ஒருத்தி, "கோழி வளக்கப் போறாளாக்கும்" என்றாள்.

"அடுத்தவ வளத்த கோழியப் புடிக்கப் போறா" என்றாள் பெரியாயி.

யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தவிடு எதற்கு என்று மலையில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

கலாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே லயத்து வரிசை வீடுகளில் பேசி முடித்துவிட்டார்கள், பிறந்ததும் அதைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று. இவளுடைய பிள்ளை என்று தெரிந்தால் எமன் மறுபடியும் வந்து கேட்பான். குப்பை மேட்டில் கிடத்தி, இன்னொருத்தி ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொண்டால் அது அந்த இன்னொருத்தியின் பிள்ளை. வருகிறவன் விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவான். வாங்கியவள் பிள்ளையைப் பெற்றவள் மடியிலேயே போட்டு, "இது எம் புள்ள, பாலூட்டி வளத்துக் குடு" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போவாள். மற்ற இடங்களில் அதோடு சடங்கு முடிந்துவிடும்.

கல்யாணமாகிப் பல வருடம் வெறும் மடியோடு இருந்த ஜீவராணிதான் தவிடு கொடுத்தாள். பேச்சுக்குத்தான் கொடுத்தாள். ஆனால் கொழும்புக்குப் போன கலாவின் புருஷன் போனவன் போனவன்தான். பிள்ளை பால்குடி மறந்ததும் கலா ரியாத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பேச்சுக்குச் சொன்ன சொல் அன்று நிஜமாகிவிட்டது. பிள்ளை தனுஜாவுக்கு முதல் பல் விழுந்ததும், ராத்திரியெல்லாம் மூச்சிழுப்பு வந்து துடித்ததும், தமிழ்த்தினப் போட்டியில் மேடையேறிப் பாட்டை மறந்து நின்றதும் எல்லாம் ஜீவராணியின் கண்முன்னால்.

ஒரே ஒரு பிழைதான் செய்தாள். கொழும்பில் கடை வேலை செய்யும் புருஷன் அழகையா ஒரு தீபாவளிக்கு வந்தபோது, பதுளைக்குப் போய்ப் பிள்ளையை முறையாக எழுதி எடுத்துவிடுவோம் என்றான். அவள் சிரித்தாள். மாரியம்மன் சாட்சியாக, மூன்று லயமும் பார்க்க வாங்கிய பிள்ளைக்கு எழுத்து எதற்கு?

ரியாத்திலிருந்து திரும்பிய கலா பிள்ளையைக் கேட்டு மனுக் கொடுத்ததால், நாலு நாளைக்கு முன்னால் லயத்துக்கு விசாரிக்க வந்த சத்தியபாமா, பதுளையில் சிறுவர் விஷயம் பார்க்கிற அரசாங்க அதிகாரி, யாழ்ப்பாணத்து அம்மா, கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அம்மா, சட்டத்திலை தவிடு இல்லை. எழுதேல்லை எண்டால் பெத்தவாவின்ர பக்கம்தான் பாரம் கூட. ஆனால் பிள்ளையையும் கேப்பம். திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ."

இன்று வெள்ளிக்கிழமை. திங்கள் வரைக்கும் கலாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

பெரியாயி நிரை விட்டு நிரை தாண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். மழைக்குத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்த சாக்கைப் பின்னால் தள்ளிக்கொண்டு குரலை இறக்கினாள்.

"ஏண்டி ஜீவா, அவ தவுடு எதுக்கு வாங்கியிருக்கா? ஒங்கையில திருப்பிக் குடுத்துப் புள்ளைய மீக்க. மீக்காமத் தூக்கிட்டுப் போனா அதுவும் செத்துரும்னு அவளுக்குப் பயம். சட்டம் அவ பக்கம் இருக்கட்டும், பயம் ஒம் பக்கம் இருக்கில்ல? அவ என்னா கெஞ்சினாலும் நீ கைய மட்டும் நீட்டிராத."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்ன என்பது மட்டும் ஜீவராணியின் தலைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

பின்னேரக் கொழுந்து நிறுவைக்கு முன்னால் மலையை விட்டு இறங்கக் கங்காணியிடம் கேட்டாள். அவன் வானத்தைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், போகிறதென்றால் அரைப்பேர்தான் என்றான். பெரியாயி குறுக்கே விழுந்து, ஒரு நாளைக்கு அவள் கொழுந்தையும் நான் நிறுத்துக்கொள்கிறேன், உன் சொத்து ஒன்றும் கரைந்துவிடாது என்று ஏசினாள். அந்த ஏச்சு முடிவதற்குள் ஜீவராணி குறுக்குப் பாதையில் பாதி தூரம் இறங்கிவிட்டாள்.

மழை மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டமான மீரியபெத்த மண்சரிவில் புதைந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் மழை பலத்தால் யாரும் பாதையைப் பார்த்து நடப்பதில்லை. மேலே மலையைப் பார்த்துத்தான் நடப்பார்கள். ஜீவராணி இரண்டையும் பார்க்கவில்லை. வாய்க்கால் தாண்டும்போது கால் வழுக்கி முழங்கால் கல்லில் அடித்தது. காலில் அட்டை ஏறியதும் தெரியவில்லை.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் கலைந்து போய்விட்டார்கள். ஐஸ்பழம் விற்கிறவன் மட்டும் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தான். தனுஜாவைக் கேட்டாள். அவன் சாதாரணமாகச் சொன்னான், ஒரு பொம்பளை கூப்பிட்டது, போனில் அடிக்கடி பேசுகிறவங்கதான் என்று பிள்ளையும் சிரித்துக்கொண்டே போனது, றிஸாதின் ஆட்டோவில்தான் போனார்கள் என்று.

பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கினால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று கீழே பெரிய ரோட்டுக்கு. அங்கே கொழும்பு பஸ் கைகாட்டினால் நிற்கும். மற்றது மேலே தோட்டத்துக் கோயிலுக்கு. பிரியும் இடத்துக்கு ஓடிப்போய்ச் சேற்றைக் குனிந்து பார்த்தாள். மூன்று சக்கரத் தடம் கீழே போகவில்லை. மேலே திரும்பியிருந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. கூடவே பெரியாயி சொன்னதும் வந்தது. கலா பிள்ளையோடு ஓடவில்லை. ஓட அவளால் முடியாது.

கோயில் வளைவில் ஆட்டோ நின்றது. றிஸாத் மழைக்கு உள்ளேயே குந்தியிருந்தவன் இவளைக் கண்டதும் பதறி இறங்கினான்.

"அக்கா, எனக்கொண்ணும் தெரியாது. டவுனுக்குப் போகத்தான் ஹயருக்கு வண்டி பேசினாங்க. பொறவு இங்க நிப்பாட்டச் சொல்லிட்டாங்க. அரை மணித்தியாலமா நிக்கிறேன்."

கோயில் படியில் ஒரு ஓரத்தில் கலா. மறு ஓரத்தில் தனுஜா, மடியில் புத்தகப்பை, கையில் கடித்த பணிஸ். நடுவில் இரண்டு பேர் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் தவிட்டுப் பை.

கலா நல்ல சுரிதார் போட்டிருந்தாள். காலில் ரியாத்துச் செருப்பு. முகம் மட்டும் எண்ணெய் வற்றிய விளக்குப் போல இருந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா" என்று எழுந்தாள். "ஆள் அனுப்பலாம்னு பாத்தேன். நீங்களே வந்துட்டீங்க."

"புள்ளையப் பள்ளிக்கூட வாசல்ல இருந்து தூக்கிட்டு வந்துட்டு ஆள் அனுப்பப் பாத்தியா?"

"தூக்கலக்கா. தொடக்கூட இல்ல. தனுஜாவக் கேளுங்க."

தனுஜா தலையாட்டினாள்.

கலா அவசரமாகப் பேசினாள். கொழும்புப் பக்கம் வத்தளையில் அறை எடுத்திருக்கிறாளாம். தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம். பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடமாம். இனி அரபு நாட்டுக்குப் போவதில்லையாம். அடிவயிற்றில் ஆபரேஷன் செய்திருக்கிறார்களாம், இனி வேறு பிள்ளை என்ற பேச்சே இல்லையாம். பேசப் பேசத் தவிட்டுப் பையைக் கையில் எடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இத வாங்கிக்குங்கக்கா. ஒங்க கையால வாங்கிக்கிட்டு, ஒம் புள்ளைய நீ கொண்டு போன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. திங்கக்கெழம அந்தம்மா எங்கிட்டக் குடுத்தாலும், நீங்க வாங்காம நான் இவள மலைய விட்டு எறக்க மாட்டேன். அந்த ரெண்டும் போன மாதிரி இதுவும் போனா நான் தாங்க மாட்டேன்."

ஜீவராணி சேலைத் தலைப்பை இழுத்துக் கைகள் இரண்டையும் அதற்குள் சுற்றிக்கொண்டாள்.

"வாங்க மாட்டேன்."

கலாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா..."

"வாங்க மாட்டேன் கலா. என்னைக்கும் வாங்க மாட்டேன். துணிச்சல் இருந்தா அப்படியே கூட்டிட்டுப் போ."

சொன்னதும் கலா பையைக் கீழே வைத்தாள். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளாக நெஞ்சில் கிடந்த கல் ஜீவராணிக்கு இறங்கியது. இவ்வளவுதானா? கையை மூடிக்கொண்டதற்கே இவள் விழுந்துவிட்டாளே. எந்த அரசாங்கக் கச்சேரியும் இதை மாற்ற முடியாது. பிள்ளை எனக்குத்தான்.

அப்போது தனுஜா எழுந்து வந்தாள். பணிஸை மறுபடியும் கடிதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வந்தாள். சாப்பாட்டை வீணாக்காதே என்று ஜீவராணி பழக்கியது. பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்கக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அவங்க என்னையத் தொட்டா நான் செத்துருவேனா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"யாரு சொன்னா?"

"அவங்கதான். ஆட்டோவுல நான் பக்கத்துல போய்க் குந்தினேன். தள்ளிக் குந்துப்பா, அன்னைக்கு அவங்க கையில குடுத்துட்டேன், மீக்காமத் தொடக்கூடாதுன்னாங்க." பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "எனக்கு என்னாம்மா இருக்கு?"

ஒரு சொல் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். தனுஜா தன் வாழ்நாளில் அந்தப் பொம்பளையின் பக்கம் போக மாட்டாள். இழுப்பு வருகிற ராத்திரியெல்லாம், சாவு வாசல்வரைக்கும் வந்து தன் விலாசம் விசாரிக்கிறது என்று நினைத்து நடுங்கிக்கொண்டு படுத்திருப்பாள். படுத்திருந்தாலும் என் பக்கத்தில்தான் படுத்திருப்பாள்.

ஜீவராணி கைகளைத் தலைப்பிலிருந்து எடுத்தாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கலாவின் முன்னால் நிறுத்தினாள்.

"தொடு" என்றாள்.

கலா பின்னால் நகர்ந்தாள். "வேணாங்க்கா. தவுட்ட மொதல்ல..."

"தவுட்டத் தூக்கிக் கோழிக்குப் போடு. நான் சொல்றேன், தொடு." கலாவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்து அழுத்தினாள். கலா கையை எடுக்கப் பார்த்தாள். ஜீவராணி விடவில்லை.

"ஒம் மொதப் புள்ளையக் கம்பளியில கட்டிக் கம்புல தூக்கிட்டு ஓடுனப்ப ஒரு முனை எந்தோள்ல இருந்துச்சு. லொறி கொழுந்து ஏத்திட்டுப் போயிருச்சு, பாலத்துகிட்ட மண்ணு சரிஞ்சு கெடந்துச்சு. ரோட்டுக்குப் போய்ச் சேரும்போது சூடு இல்ல. நேரத்துக்கு வண்டி வந்திருந்தா இன்னைக்கு அவன் ஒன்னைய விட ஒசரமா நிப்பான். ரெண்டாவது மாசம் பத்தாமப் பொறந்துச்சு. வலி வர்ற வரைக்கும் நீ ஏத்தத்துல கொழுந்தெடுத்த. அந்தக் காத்துக் காலத்துல, அடுப்புப் பொகைக்குள்ள, ஒரே அறைக் காம்பராவுல அது எப்படி மூச்சு விடும்? எமனாவது விலாசமாவது. ஒங்கையில ஒண்ணும் இல்ல, கலா. இந்தப் புள்ளைகிட்டயும் ஒண்ணும் இல்ல."

பிறகு கலாவின் கை தானாகவே தலையிலிருந்து கன்னத்துக்கு இறங்கியது. காதுக்கு வந்தது. காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்த முகம் மெல்ல மாறியது. ஜீவராணி எதிர்பார்த்த அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

"இது ஒங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

ஜீவராணி பிள்ளையின் மணிக்கட்டை விட்டாள்.

"போன்ல ஒரு தரம் மகளேன்னு கூப்பிட்டதில்ல நான். ஒங்க புள்ள சாப்பிட்டுச்சா, ஒங்க புள்ள படிக்குதான்னு நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன். அந்த வீட்டுல அரபிப் புள்ளைங்க உம்மா உம்மான்னு கத்தும். யாரு அம்மான்னு கூப்பிட்டாலும் திரும்பக்கூடாதுன்னு மனசப் பழக்கி வச்சிருந்தேன். எல்லாந் தெரிஞ்சும் பேசாமத்தான் இருந்தீங்க."

"நானும் நம்புனேன். பாதி நம்புனேன். பாதி..." என்றாள் ஜீவராணி. "பாதி, எனக்கு அது வசதியா இருந்துச்சு."

கலா தனுஜாவின் கையைப் பிடித்தாள். இப்போது தயக்கம் இல்லை, இறுக்கம்தான்.

"வா. போவோம். றிஸாத், வண்டிய எடுங்க."

றிஸாத் ஜீவராணியைப் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. தடுக்கிற ஒரே கயிற்றைத் தன் கையாலேயே அறுத்தாயிற்று. முழங்காலில் அடிபட்ட இடம் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. ஆட்டோவின் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

கலா இழுத்த இழுப்புக்குத் தனுஜா போனாள். திமிறவில்லை. ஆட்டோவின் பக்கத்தில் வந்ததும் நின்று, அண்ணாந்து கலாவைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டு பேருக்கும் பேரு வச்சிருந்தீங்களா?"

கலாவுக்கு முதலில் விளங்கவில்லை. "யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. மத்தது அக்காவா, அண்ணனா?"

கலா பிடித்திருந்த கை தளர்ந்தது. ஆட்டோவின் கம்பியைப் பற்றிக்கொண்டாள். அந்த இரண்டையும் பற்றி லயத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். போனது, தங்காதது, அந்த ரெண்டு. இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"அண்ணன் பேரு சதீஸ்குமார்" என்றாள். "மத்தது அக்கா. முப்பதாம் நாள் சாமி கும்பிட்டுப் பேரு வைக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள... பேரு இல்லப்பா அவளுக்கு. பேரில்லாமலே போயிட்டா."

சேற்றில் குந்திவிட்டாள். நல்ல சுரிதார், செருப்பு எதையும் பார்க்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியும் இல்லாமல் வார்த்தையும் இல்லாமல், ஒரு மாட்டின் குரலில் அழுதாள். பிள்ளைகள் செத்தபோதுகூட அவள் இப்படி அழுது ஜீவராணி பார்த்ததில்லை. அன்றைக்கெல்லாம் அடுத்ததாவது தங்கட்டும், கண்ணைத் துடை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஜீவராணியும் சொன்னாள்.

றிஸாத் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜீவராணி போய்ப் பக்கத்தில் குந்தினாள். தோளைத் தொடவில்லை. அழுகை அடங்குகிறவரைக்கும் சும்மா குந்தியிருந்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னைக்கு ஒண்ணும் பேச வேணாம். திங்கக்கெழம பதுளைக்கு வா. அந்தம்மா முன்னால நீ என்னா சொல்றியோ சொல்லு. நான் தவுட்டுக் கத பேச மாட்டேன். ஆனா பள்ளிக்கூட வாசல்ல மட்டும் இனி வந்து நிக்காத. லயத்துக்கு வா. கதவு இருக்கு."

கலா மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினாள். போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போகவில்லை. தவிட்டையும் எடுக்கவில்லை. தன் வீட்டிலும் கோழி இருப்பதாக றிஸாத் சொல்லி அதைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை. ரொட்டி சுட்டாள், தேங்காய்ச் சம்பல் அரைத்தாள், பிள்ளைக்கு ஊட்டினாள், தன் பங்கைப் பெரியாயியின் நாய்க்குப் போட்டாள். நடந்ததைக் கேட்ட பெரியாயி நெற்றியில் அடித்துக்கொண்டாள். கையில் இருந்த கத்தியை எதிரிக்கே தீட்டிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாயே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்டாள். பிறகு, திங்கட்கிழமை நானும் பேரை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றாள் ஜீவராணி. போனில் அழகையா, பிள்ளையின் துணிமணியையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போ, எதற்கும் தயாராக இரு என்றான். அந்தப் பையை அவள் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடியும் கட்டினாள்.

பதுளையில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கலா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். சத்தியபாமாவின் மேசை முன்னால், முதுகு நிமிர்ந்து. தனக்கு முந்தி வந்து எல்லாம் பேசி முடித்துவிட்டாள் என்று ஜீவராணி நினைத்தாள். துணிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

சத்தியபாமா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளையைக் கேக்க முந்தித் தான் ஒண்டு சொல்ல வேணுமெண்டு இவ நிக்கிறா. சொல்லுங்கோ."

கலா திரும்பவில்லை. மேசையைப் பார்த்தே பேசினாள்.

"புள்ள அக்காகிட்டயே இருக்கட்டும் மேடம். சட்டப்படி எழுதி அவங்களுக்கே குடுங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்து வைக்கிறேன். பள்ளிக்கூட லீவுக்கு எங்கிட்ட வரட்டும். அவ்வளவுதான். இவ இழுப்புக்கு என்னா மருந்துன்னுகூட எனக்குத் தெரியாது. நான் மொதல்ல அதெல்லாம் தெரிஞ்சுக்கணும்."

கோர்ட்டுக்குப் போக வேண்டும், காலம் எடுக்கும், நினைத்த உடனே முடியாது என்று சத்தியபாமா விளக்கினாள். பிறகு தனுஜாவைத் தனியாக உள்ளே கூட்டிப்போய்ப் பேசினாள். வெளியே வாங்குப் பலகையில் இரண்டு பொம்பளைகளும் குந்தியிருந்தார்கள். ஜீவராணி மட்டும் ஒரு தரம், மழைக்காலத்தில் தலைக்கு இரண்டு தலையணை வைக்க வேண்டும் என்றாள். கலா சரி என்றாள்.

பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் புறப்பட நின்றது. கலா பிள்ளையின் கன்னத்தை ஒரு தரம் தடவிவிட்டு, ஜீவராணியிடம் வாரேன்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"அம்மா" என்று தனுஜா கூப்பிட்டாள்.

ஜீவராணி குனிந்தாள். பிள்ளை அவளைப் பார்த்து இல்லை என்று தலையாட்டிவிட்டு, கொய்யாப்பழக் கூடைக்காரியைத் தாண்டி நாலு எட்டு முன்னால் ஓடி, சத்தமாகக் கூப்பிட்டது.

"அம்மா!"

கூடைக்காரி திரும்பினாள். பிள்ளையோடு நின்ற ஒரு சிங்களப் பொம்பளையும் திரும்பிப் பார்த்தாள். கலா நடந்துகொண்டே இருந்தாள். படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை அந்தக் குரல் இன்னும் கிட்டத்தில் கேட்டபோதுதான் நின்றாள். யாருடைய பிள்ளை இப்படிக் கூப்பிடுகிறது என்று பார்க்கிறவள் போல, மெல்லத் திரும்பினாள்.